பழவேற்காடா, தரங்கம்பாடியா, மணப்பாடா: இரண்டு நாள் லீவுக்கு எந்தக் கடலோர ஊர்?

ஆண்டுக்கு நாலைந்து பேராவது இதைக் கேட்கிறார்கள். "மகாபலிபுரம், பாண்டிச்சேரி எல்லாம் பார்த்தாச்சு. கூட்டமில்லாம, படகும் வலையுமா இருக்கிற ஒரு சின்ன ஊர் சொல்லுங்க." ஒன்றைச் சொன்னால் போதாது. பழவேற்காடு என்றால் "தரங்கம்பாடி இதைவிட நல்லா இருக்குமா?" என்பார்கள். தெற்கத்திக்காரர் பக்கத்தில் இருந்தால் மணப்பாட்டையும் இழுத்துவிடுவார்.

மூன்று ஊருக்கும் ஒரு முறைக்கு மேல் போயிருக்கிறேன். மூன்றிலும் ஒரு முறையாவது தப்பான நாளில் போய் முழித்தும் இருக்கிறேன். ஒரு வகையில் மூன்றும் ஒரே ரக ஊர்கள்: டச்சுக்காரர், டேனிஷ்காரர், போர்த்துகீசியர் என்று ஆளுக்கொருவர் வந்து இறங்கி, கல்லறையும் கோட்டையும் கோயிலும் விட்டுப் போயிருக்கிறார்கள். கடலுக்குப் போகிறவர்கள் அதற்கு முன்னும் போனார்கள், இன்றும் போகிறார்கள். ஆனால் போய் இறங்கியதும் உங்களுக்குக் கிடைக்கும் நாள் மூன்றிலும் வேறு வேறு.

## எதை வைத்து அளப்பது

மீன்பிடி ஊரின் கடிகாரம் வேறு. ஃபைபர் படகுகள் நள்ளிரவு தாண்டிக் கிளம்பி, விடியும் நேரத்தில் கரைக்கு வரத் தொடங்கும். ஆறு மணிக்கு ஏலம் சூடுபிடித்தால் எட்டு, எட்டரைக்குள் கூடைகள் ஏறிப் போய்விடும். பத்து மணிக்கு ஆண்கள் தூங்கப் போயிருப்பார்கள். குளித்து, இட்லி சாப்பிட்டு, பத்தரைக்குக் கடற்கரைக்கு வருகிற நமக்கு வெயிலும் காய்கிற வலையும்தான் மிச்சம். "போட்டோவுல பார்த்த மாதிரி இல்லையே" என்று திரும்பியவர்களில் முக்கால்வாசிப் பேர் இந்த ஒரு காரணத்தால் ஏமாந்தவர்கள்.

அதனால் என் முதல் அளவுகோல், விடியும் நேரத்தில் அந்தக் கரையில் நிற்க முடியுமா என்பது. தங்குமிடம், பஸ், ரயில் எல்லாவற்றையும் இதற்குள்ளேயே அடக்கிவிடலாம்.

இரண்டாவது, போய் நின்றால் கண்ணில் என்ன படும் என்பது. சில ஊர்களில் மீன்பிடிப்பு சுற்றுலாப் பயணி நிற்கும் இடத்திலிருந்து ஒதுங்கிப் போயிருக்கும்.

மூன்றாவது, கூட யார் வருகிறார்கள் என்பது. நிழல் இல்லாத கரையில் அம்மாவை எத்தனை நேரம் உட்கார வைப்பீர்கள்? கழிப்பறை எங்கே? இதை யோசிக்காமல் கிளம்பி, மதியத்துக்குள் வீட்டில் எல்லோருடைய முகமும் தூக்கிக்கொண்ட அனுபவம் எனக்கு உண்டு.

நாலாவது, கணக்கில் வராத செலவு. இதை ஒவ்வொரு ஊரிலும் தனியாகச் சொல்கிறேன்.

## பழவேற்காடு

சென்னையிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர். கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் பொன்னேரியில் இறங்கி பஸ் பிடிக்கலாம். பஸ் செலவு ஒன்றும் பெரிதில்லை. ஆனால் ரயிலும் பஸ்ஸும் மாறிப் போனால் ஏலத்தின் வால்தான் கிடைக்கும். சொந்த வண்டியில் நாலு மணிக்குக் கிளம்பினால்தான் சரிப்படும். தங்கலாம் என்றால், குடும்பத்தோடு தங்குகிற மாதிரி ஒரு இடத்தை ஊருக்குள் நான் இன்னும் பார்க்கவில்லை.

இவ்வளவு குறை சொல்லியும் மீன்பிடி வாழ்க்கையைக் கிட்டத்தில் பார்ப்பதற்கு நான் முதலில் சொல்வது இந்த ஊரைத்தான். இங்கே கடலோடு ஏரியும் இருக்கிறது. இந்தியாவில் சில்காவுக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி. கடலில் அலை அதிகமாக இருக்கும் நாளிலும் ஏரியில் யாராவது வலை போட்டுக்கொண்டிருப்பார்கள். இறால், மடவை, நண்டு. ஏரியில் இறால் பிடிக்கும் இடங்களைக் கிராமங்கள் முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் 'பாடு' என்ற ஏற்பாடு தலைமுறை தலைமுறையாக நடக்கிறது. யாருக்கு எந்த நாள், எந்த இடம் என்பதை ஊர்தான் முடிவு செய்யும். வெளியிலிருந்து பார்த்தால் தண்ணீரில் நட்ட கம்புகள் மட்டும்தான் தெரியும். யாரிடமாவது கேட்டால் எந்தக் கம்பு யாருடையது என்று சொல்லிவிடுவார்கள்.

ஒரு முறை கரையில் ஒருவர் குந்தி உட்கார்ந்து நண்டு கட்டிக்கொண்டிருந்தார். சாக்கிலிருந்து ஒரு பச்சை நண்டை எடுப்பார். முதுகைக் கால் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு, கொடுக்கு இரண்டையும் உள்ளே மடித்து, ஈரக் கயிற்றில் நீளவாக்கில் ஒரு சுற்று, குறுக்கே ஒரு சுற்று. நுனியைப் பல்லால் இழுத்து ஒரு முடிச்சு. பத்து விநாடி ஆகாது. கட்டிய நண்டை ஓரமாக அடுக்குவார். அது வாயில் நுரை விட்டபடி சும்மா கிடக்கும். உயிரோடு போய்ச் சேர்ந்தால்தான் விலை. "கடிச்சா விடுமாண்ணே?" என்று கேட்டேன். வலது கையைத் தூக்கிக் காட்டினார். ஆள்காட்டி விரலின் நுனி இல்லை. "அது விடாது சார், நாமதான் விட்டுட்டு வரணும்."

ஊருக்குள் டச்சுக்காரர் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. வாசலில் இரண்டு பக்கமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் நிற்கும். குழந்தைகள் பயப்படுவார்கள் என்று நினைப்போம், அவர்கள்தான் பக்கத்தில் நின்று போட்டோ எடுக்கச் சொல்வார்கள். டச்சுக்காரர்கள் 1613-இல் கட்டிய கெல்ட்ரியா கோட்டை இப்போது மண்மேடும் புதரும்தான். இங்கிருந்து துணி போனதைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள். இதே கரையிலிருந்து ஆட்களையும் அடிமைகளாக பத்தாவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) ஏற்றினார்கள் என்பதைத்தான் அந்தக் கல்லறைகள் முன்னால் நிற்கும்போது நினைத்துக்கொள்வேன்.

இனி கணக்கில் வராத செலவு. முதல் ஆபத்து படகு. 2011 டிசம்பர் 25 அன்று இங்கே படகு கவிழ்ந்து, உல்லாசமாக வந்த இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். அதற்குப் பிறகு சுற்றுலாப் பயணிகளைப் படகில் ஏற்றத் தடை வந்தது. அப்படியும் கரையில் யாராவது வந்து "போட் வேணுமா சார்?" என்று காதோடு கேட்பார்கள். வேண்டாம். லைஃப் ஜாக்கெட் இல்லாமல் முகத்துவாரம் பக்கம் போகிற படகில் குழந்தையோடு ஏறுவது பணத்தால் அளக்கிற செலவு இல்லை.

இரண்டாவது, ராக்கெட். ஏரிக்கு அந்தப் பக்கம் ஸ்ரீஹரிகோட்டா. ஏவும் நாளில் மீனவர்கள் கடலுக்குப் போகக் கூடாது. ராக்கெட் பார்க்க வரும் கூட்டத்துக்கு அது திருவிழா, படகு பார்க்க வருபவருக்கு அன்று ஒன்றுமில்லை. எந்த நாள் என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, கழிப்பறை. பொன்னேரியிலேயே முடித்துவிட்டு வருவது நல்லது. பெண்களோடு போகிறவர்கள் இதைச் சின்ன விஷயமாக நினைக்க வேண்டாம்.

## தரங்கம்பாடி

மூன்றில் வசதியான ஊர் இதுதான். கடலைப் பார்த்த பழைய பங்களா ஒன்று ஓட்டலாக இருக்கிறது. அதற்குக் கையில் காசு வேண்டும். சாதாரண அறைகளும் உண்டு. ஊருக்குள் தூங்கி, அஞ்சரைக்குச் செருப்பு மாட்டிக்கொண்டு நடந்தே கரைக்கு வந்துவிடலாம். என் முதல் அளவுகோலில் இது சுலபமாக ஜெயிக்கிறது.

கோட்டை வாசலில் தொடங்கி ராஜ வீதி முழுக்க அரை மணி நேரத்தில் நடந்துவிடலாம். அதற்குள் எவ்வளவு கதை! 1620-இல் தஞ்சை ரகுநாத நாயக்கர் டேனிஷ்காரர்களோடு ஒப்பந்தம் போட்டு இடம் கொடுத்தார், கோட்டை எழுந்தது. 1706-இல் ஜெர்மானிய மதபோதகர் சீகன்பால்கு வந்து இறங்கினார். தமிழில் புதிய ஏற்பாடு அச்சானது இங்கேதான். அவர் கட்டிய புதிய எருசலேம் ஆலயம் 1718-ஐச் சேர்ந்தது. 1845-இல் டேனிஷ்காரர்கள் ஊரை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுக் கிளம்பினார்கள். இவர்கள் எல்லோருக்கும் முன்னால், பாண்டியன் குலசேகரன் காலத்தில் எழுந்த மாசிலாமணி நாதர் கோயில் கரையிலேயே இருக்கிறது. அதில் ஒரு பகுதியைக் கடல் எடுத்துக்கொண்டது. அலைகள் பாடும் ஊர் என்று பெயருக்கு விளக்கம் சொல்வார்கள். கோயிலைப் பார்த்தால் அலை வேறு வேலையும் செய்திருப்பது தெரியும். தாத்தா பாட்டி, பள்ளிக்கூடப் பிள்ளைகள் என்று எல்லா வயதும் கலந்த குடும்பத்துக்கு ஒரு நாள் ஓட்ட இது தாராளம்.

இரண்டாவது அளவுகோலில்தான் இடிக்கிறது. கோட்டை முன்னால் நின்றால் மீன்பிடிப்பு அவ்வளவாகக் கண்ணில் படாது. 2004 சுனாமியில் இந்த ஊர் நூற்றுக்கணக்கானவர்களைப் பறிகொடுத்தது. அதன் பிறகு பல குடும்பங்களுக்குக் கடலை விட்டுத் தள்ளி வீடு கட்டிக் கொடுத்தார்கள். படகு, வலை, ஏலம் எல்லாவற்றையும் பார்க்க கோட்டையை விட்டு மீனவர் குடியிருப்புப் பக்கமும் மீன்பிடித் துறைமுகத்தின் பக்கமும் போக வேண்டும். போகலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். ஆனால் கேமராவை முதலில் நீட்டாதீர்கள். இந்தக் கரையில் சுனாமிக்குப் பிறகு மாதக்கணக்கில் கேமராக்கள் வந்து போயின. ஒரு அம்மா, "போட்டோ எடுத்துட்டுப் போனவுங்க யாரும் திரும்பி வரலப்பா" என்று சாதாரணமாகத்தான் சொன்னார். கேமராவைப் பைக்குள் போட்டுவிட்டு அவரிடம் நெத்திலிக் கருவாடு வாங்கினேன்.

இங்கே கணக்கில் வராத செலவு வேடிக்கையானது. ஊரில் அறை கிடைக்காவிட்டால் எட்டுப் பத்து கிலோமீட்டரில் திருக்கடையூர் இருக்கிறதே என்று நினைப்போம். நல்ல முகூர்த்த நாளில் அங்கே அறுபதாம் கல்யாணம், எண்பதாம் கல்யாணம் என்று அறைகள் எல்லாம் போயிருக்கும். சரி, தெற்கே காரைக்கால் போகலாம் என்றால், அது புதுச்சேரி யூனியன் பிரதேசம். சனி, ஞாயிறில் அங்கே அறை எடுப்பவர்கள் எதற்காக வருகிறார்கள் என்று சொல்லத் தேவையில்லை. இரவு முழுக்கக் காரிடாரில் சத்தம். ஒரு முறை இப்படி அலைந்து, ராத்திரி பத்தரைக்கு மயிலாடுதுறை பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் ஒரு லாட்ஜில் போய் விழுந்தோம். மறுநாள் எழுந்தபோது மணி எட்டு. ஏலமும் போச்சு, அறைக் காசும் போச்சு.

இன்னொன்று, கோட்டை அருங்காட்சியகம் வெள்ளிக்கிழமை திறக்காது. சேர்ந்தாற்போல லீவு கிடைத்தது என்று வியாழன் இரவு கிளம்புகிறவர்கள் கவனிக்க.

## மணப்பாடு

எனக்குப் பிடித்தது எது என்று கேட்டால் மணப்பாடு. யாருக்கும் உடனே போகச் சொல்லவும் தயக்கமாக இருப்பது இதுதான்.

திருச்செந்தூருக்குத் தெற்கே 18 கிலோமீட்டர். கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மேட்டின் மேல் திருச்சிலுவை ஆலயம். புயலில் சிக்கிய போர்த்துகீசிய மாலுமி ஒருவர் உயிர் பிழைத்தால் சிலுவை நாட்டுவதாக நேர்ந்துகொண்டார் என்பது ஊர்க்கதை. ஆலயம் 1581-ஐச் சேர்ந்தது. அதற்கு முன்பே, 1542-இல், முத்துக்குளித்துறைக்கு வந்த புனித சவேரியார் தங்கியதாகச் சொல்லும் குகை கடலைப் பார்த்து மேட்டின் அடியில் இருக்கிறது. மேலே ஏறி நின்றால் ஒரு பக்கம் அலையடிக்கும் கடல், மறுபக்கம் மணல்திட்டு வளைத்துப் பிடித்த அமைதியான தண்ணீர். வள்ளங்கள் வந்து சேர்வதை மேலேயிருந்து ஆரம்பம் முதல் கடைசி வரை பார்க்கலாம். மற்ற இரண்டு ஊரிலும் நாம் கூட்டத்துக்கு நடுவில், வலைக்குக் குறுக்கே, யாருக்காவது இடைஞ்சலாகவே நிற்போம். இங்கே அந்தச் சங்கடம் இல்லை.

எந்த நாளில் போகிறீர்கள் என்பதுதான் இங்கே முக்கியம். முதல் முறை நான் சனிக்கிழமை ராத்திரி திருச்செந்தூரில் தங்கி, அதிகாலை நாலரைக்கு ஆட்டோ பேசி, அஞ்சரைக்கெல்லாம் கரையில் நின்றேன். வள்ளங்கள் எல்லாம் வரிசையாக மணலில் ஏறிக் கிடந்தன. ஒரு ஆள் இல்லை. கொஞ்ச நேரத்தில் மணி அடித்தது, வெள்ளைச் சேலையில் ஒரு பாட்டி கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தார். "வள்ளம் எப்ப வரும் பாட்டி?" என்றேன். நின்று என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஞாயித்துக்கெழம எந்த வள்ளம் தம்பி போவும்?" கத்தோலிக்க ஊர் என்று தெரிந்துதானே வந்தாய் என்று அவர் கேட்கவில்லை, நானே கேட்டுக்கொண்டேன். சனி, ஞாயிறு மட்டும் லீவு கிடைப்பவர்களுக்கு ஒரு விடியல்தான் இருக்கிறது, அது சனிக்கிழமை விடியல். வெள்ளிக்கும் லீவு போட்டு, வியாழன் மாலையே எழும்பூரில் ஏறி, வெள்ளி ராத்திரி திருச்செந்தூரில் தங்கினால்தான் அதைப் பிடிக்க முடியும்.

ஊருக்குள் தங்குமிடத்தை நம்பிப் போகாதீர்கள். திருச்செந்தூரில் தங்கி வர வேண்டும். அதிகாலை பஸ்ஸை நம்ப முடியாது, முந்தின நாளே ஆட்டோவோ காரோ பேசி வைத்துவிட வேண்டும், காத்திருக்கும் காசும் சேர்த்து. திருச்செந்தூரில் வைகாசி விசாகம், சூரசம்ஹாரம், குலசேகரன்பட்டினத்தில் தசரா, மணப்பாட்டில் செப்டம்பர் 14 திருச்சிலுவைத் திருவிழா. இந்த நாட்களை ஒட்டி அறை வாடகை ஏறும், ரோட்டில் வண்டி நகராது. திருவிழாவுக்கென்றே போகிறீர்கள் என்றால் அது வேறு.

குலசேகரன்பட்டினத்தில் இரண்டாவது ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டியிருக்கிறார்கள். பழவேற்காட்டுக்காரர்களுக்குப் பழகிப்போன "இன்னிக்குக் கடலுக்குப் போகக் கூடாது" இந்தப் பக்கத்துக்கும் வரலாம். மணப்பாட்டைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருப்பவர்கள் இதையும் யோசித்துக்கொள்ளட்டும்.

சாப்பாட்டில் ஒரு எச்சரிக்கை. சென்னையில் 'சீலா' என்று கேட்டால் ஒரு மீன் தருவார்கள், தூத்துக்குடிப் பக்கம் அதே பெயருக்கு வஞ்சிரத்தைத் தருவார்கள். சென்னைக்காரருடைய சீலா இங்கே ஊளி. விலை கேட்டு "சீலாவுக்கா இவ்வளவு?" என்று சண்டை போட்ட மாமா ஒருவர் எங்கள் வீட்டில் உண்டு. பெயரைச் சொல்லாமல் மீனைக் கையால் காட்டி விலை கேளுங்கள். திரும்பும் வழியில் உடன்குடியில் கருப்பட்டி வாங்காமல் வரவும் மாட்டீர்கள், அதையும் செலவில் சேர்த்துவிடலாம்.

## ஒரு பார்வையில்

| | பழவேற்காடு | தரங்கம்பாடி | மணப்பாடு |
|---|---|---|---|
| விடியலில் கரையில் நிற்க | சென்னையிலிருந்து சொந்த வண்டி இருந்தால் | மிகச் சுலபம், ஊரிலேயே தங்கலாம் | திருச்செந்தூரில் தங்கி, முன்கூட்டியே வண்டி பேசினால் |
| மீன்பிடிப்பு கண்ணில் படுவது | கடல், ஏரி இரண்டும். மிகக் கிட்டத்தில் | கோட்டையை விட்டு நடந்தால்தான் | மேட்டின் மேலிருந்து முழுக் காட்சி |
| முதியவர், குழந்தைகள் | கஷ்டம் | நல்லது | மேடு ஏற முடிந்தால் நல்லது |
| போகக் கூடாத நாள் | ராக்கெட் ஏவும் நாள் | வெள்ளி. முகூர்த்த நாளில் முன்பதிவு இல்லாமல் | ஞாயிறு |
| குறைந்தது வேண்டியது | ஒரு காலை | ஒரு இரவு | இரண்டு இரவு (சென்னையிலிருந்து ரயிலோடு சேர்த்து) |

## எந்த மாதம்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கரையில் 61 நாள் தடைக்காலம். விசைப்படகுகள் போகாது, சின்னப் படகுகள் போகும். அதனால் துறைமுகத்தை நம்பியிருக்கும் இடங்களில் அந்த இரண்டு மாதம் வெறிச்சென்று இருக்கும். வள்ளமும் ஃபைபரும் ஓடும் மணப்பாட்டிலும், ஏரி இருக்கும் பழவேற்காட்டிலும் அவ்வளவு தெரியாது. மீன் விலை மட்டும் எல்லா ஊரிலும் ஏறும். பள்ளி விடுமுறையும் அப்போதுதான் வருகிறது, என்ன செய்வது.

அக்டோபர் கடைசி முதல் டிசம்பர் பாதி வரை வடகிழக்குப் பருவமழை. தரங்கம்பாடிக்கு அப்போது போக வேண்டாம். மழை ஓய்ந்த பிறகு, தை, மாசியில் பழவேற்காட்டு ஏரியில் பூநாரைகள் நிற்கும். தூரத்தில் இளஞ்சிவப்புக் கோடு மாதிரி தெரியும், பைனாகுலர் இல்லாமல் போனால் கோடு மட்டும்தான். மணப்பாட்டில் ஆடி மாதக் கச்சான் காற்று தேரி மணலைக் கண்ணில் வாரி அடிக்கும். அங்கேயும் ஜனவரி, பிப்ரவரிதான் சுகம்.

## யாருக்கு எதைச் சொல்வேன்

சென்னையில் இருக்கிறீர்கள், ஒரு நாள்தான் லீவு, நாலு மணிக்கு எழுந்திருக்கச் சளைக்க மாட்டீர்கள், நண்பர்கள் மட்டும் வருகிறார்கள். பழவேற்காடு. மதியச் சாப்பாட்டுக்குள் வீட்டுக்கு வந்துவிடலாம்.

அப்பா அம்மா, பிள்ளைகள், ஒரு கோயில், ஒரு கோட்டை, கொஞ்சம் கடல் என்று எல்லோருக்கும் ஏதாவது வேண்டும் என்றால் தரங்கம்பாடி. அறை உறுதியான பிறகுதான் டிக்கெட் போட வேண்டும், அந்த வரிசையை மாற்றாதீர்கள்.

திருச்செந்தூருக்கு எப்படியும் போகிறீர்கள், அல்லது தனியாக, அவசரமில்லாமல் ஒரு விடியலை உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்றால் மணப்பாடு. சென்னையிலிருந்து இதற்காக மட்டும் அறுநூறு கிலோமீட்டருக்கு மேல் போகலாமா? நான் போனேன். வீட்டில் இன்னும் சொல்லிக்காட்டுகிறார்கள்.

தரங்கம்பாடி, மணப்பாடு இரண்டையும் விட்டுவிட மனமில்லாதவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. எழும்பூரிலிருந்து மாலையில் கிளம்பும் திருச்செந்தூர் எக்ஸ்பிரஸ் மயிலாடுதுறை வழியாகத்தான் போகிறது. நாலு நாள் லீவு கிடைத்தால் முதலில் மயிலாடுதுறையில் இறங்கித் தரங்கம்பாடியில் ஒரு இரவு இருந்துவிட்டு, மறுநாள் ராத்திரி அதே ரயிலை மயிலாடுதுறையில் பிடித்தால் காலையில் திருச்செந்தூர். இதற்கு இரண்டு டிக்கெட்டையும் முன்பே எடுத்திருக்க வேண்டும். மயிலாடுதுறையில் ராத்திரி அன்ரிசர்வ்டு பெட்டியில் ஏறிப் பார்த்தவர்களுக்கு ஏன் என்று தெரியும்.